‘இந்த மாநிலத்துக்கு மட்டும்’: அமெரிக்கக் குடும்ப அறக்கட்டளைகள் பணம் கொடுக்கும் விதம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறீர்கள். அந்த மாநிலத்தில் பெரிய குடும்ப அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. மாநிலத்துக்குள் நடக்கும் பணிகளுக்கு மட்டும்தான் பணம் தருவோம் என்கிறார்கள். ஏன் இந்த எல்லை, உள்ளே யாருக்கு எப்படிக் கொடுக்கிறார்கள், உங்கள் பள்ளி கேட்டால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முதல் இரண்டும் பிடிபடாமல் அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருகிறேன்.

முதலில் பணம் வரும் வழி. ‘குடும்ப அறக்கட்டளை’ என்று அமெரிக்க வரிச் சட்டத்தில் தனி வகை எதுவும் கிடையாது. வரித்துறையான ஐஆர்எஸ் கணக்கில் அது ஒரு பிரைவேட் ஃபவுண்டேஷன். ஒரு குடும்பம் போட்ட மூலநிதியை முதலீடு செய்து, அதில் வருவதைக் கொடுக்கும் அமைப்பு. பொதுமக்களிடம் உண்டியல் குலுக்குவதில்லை. உங்கள் பள்ளி மாதிரி பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் பெற்று நடப்பவை பப்ளிக் சாரிட்டி. இரண்டுமே 501(சி)(3)தான், அதாவது வரிவிலக்கு பெற்ற அற அமைப்புகள். ஆனால் முதல் வகைக்குக் கெடுபிடி அதிகம். பணக்காரக் குடும்பங்கள் வரிச்சலுகையை வாங்கிக்கொண்டு பணத்தைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்ற புகார் வலுத்ததால் 1969ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த கெடுபிடி அது. இன்றைக்கும் அடிப்படை விதிகள் அங்கிருந்து வந்தவைதான்.

அதில் உங்களுக்கு முக்கியமானது ஐந்து சதவீதக் கணக்கு. அறக்கட்டளை தன் முதலீடுகளின் சராசரி மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். ஒரு வருடத்துக்கான தொகையை அடுத்த வருடம் முடிவதற்குள் கொடுத்துவிடலாம். கொடுக்காமல் விட்டால், மீதி நின்ற தொகையில் 30 சதவீதம் வரி. முதலீட்டு வருமானத்துக்குத் தனியாக ஒரு சிறிய வரி உண்டு. 2019 இறுதியில் வந்த சட்டத்துக்குப் பிறகு பொதுவாக அது 1.39 சதவீதம்.

10 கோடி டாலர் மூலநிதி உள்ள ஒரு அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 50 லட்சம் டாலர் வெளியே போக வேண்டும். கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் கிராண்ட் கொடுக்கும் வேலைக்கு ஆகும் நியாயமான சம்பளம், அலுவலகச் செலவெல்லாமும் அந்த 50 லட்சத்துக்குள்ளேயே கணக்காகும். அப்புறம், மூன்று வருடம் ஐந்து வருடம் என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்த தொகைகள் இருக்கும். குடும்பத்துக்கு நெருக்கமான ஒரு கல்லூரி, ஒரு மருத்துவமனை என்று வருடம் தவறாமல் வாங்குபவர்கள் இருப்பார்கள். எல்லாம் போக, புதிதாகக் கதவைத் தட்டுபவருக்கு மிஞ்சுவது பல இடங்களில் வெறும் ஓரத் தொகைதான். ‘இவ்வளவு பணம் வைத்திருக்கிறார்களே, நமக்கு ஐந்தாயிரம் தர மனசில்லையா’ என்று கோபப்படுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சரி, மாநில எல்லைக்கு வருவோம். இந்த எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது எவ்வளவு கெட்டி என்பது தெரியும். சில இடங்களில் அது அறக்கட்டளையை நிறுவிய பத்திரத்திலேயே இருக்கும். சில இடங்களில் அறங்காவலர்கள் கூடி எடுத்த கொள்கை முடிவு. இன்னும் சில இடங்களில் எழுதியே இருக்காது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான் கொடுத்துவருகிறார்கள், அவ்வளவுதான்.

பத்திரத்தில் எழுதியதற்கு நல்ல உதாரணம் ட்யூக் எண்டோமென்ட் என்ற அறக்கட்டளை. புகையிலையிலும் மின்சாரத்திலும் பணம் சேர்த்த ஜேம்ஸ் ட்யூக், 1924 டிசம்பரில் 4 கோடி டாலர் போட்டுத் தொடங்கியது. பணம் வட கரோலினா, தென் கரோலினா இரண்டுக்கும் மட்டும். காரணம் வெறும் ஊர்ப்பாசம் என்று சொல்லிவிட முடியாது. மூலநிதியில் பெரும்பகுதி அவருடைய மின்சார நிறுவனத்தின் பங்குகள். அந்த நிறுவனம் ஓடியது கரோலினாக்களின் ஆறுகளை நம்பி. அங்கே சம்பாதித்தது அங்கேயே திரும்ப வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பங்கீட்டையும் சதவீதத்தோடு எழுதிவைத்துவிட்டார்: ட்யூக் பல்கலைக்கழகத்துக்கு 32, மருத்துவமனைகளுக்கு 32, ஆதரவற்ற குழந்தைகளுக்கு 10, மற்ற மூன்று கல்லூரிகளுக்குச் சேர்த்து 14, கிராமப்புற மெதடிஸ்ட் தேவாலயங்களுக்கும் ஓய்வுபெற்ற போதகர்களுக்கும் 12. அந்தப் பத்திரத்தை வருடத்துக்கு ஒருமுறை அறங்காவலர்கள் கூட்டத்தில் முழுக்க வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதும் அவர் வைத்த ஏற்பாடு. நூறு வருடம் கழித்தும் அது நடக்கிறது. உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ‘நிறுவியவர் இப்படி நினைத்திருக்க மாட்டார்’ என்று யாரும் சமாளிக்க முடியாது, பாருங்கள்.

அப்படி எழுதிவைத்த எல்லையை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பக் வழக்கு. அதில் எல்லை மாநிலம்கூட இல்லை, ஒரே ஒரு கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு. பெரில் பக் என்ற பெண்மணி 1975ல் இறந்தபோது, தன் சொத்தை மரின் கவுண்டியின் ஏழைகளுக்கும் அங்குள்ள அறப்பணிகளுக்கும் என்று எழுதி, சான் ஃபிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷன் பொறுப்பில் விட்டார். சொத்தில் முக்கியமானது ஒரு எண்ணெய் நிறுவனத்தின் பங்குகள். 1979ல் ஷெல் அந்த நிறுவனத்தை வாங்கியதும் அவற்றின் மதிப்பு பல மடங்கு எகிறி 25 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மரின் கவுண்டியோ நாட்டின் பணக்காரக் கவுண்டிகளில் ஒன்று. பக்கத்திலேயே ஓக்லண்டில் தேவை கொட்டிக்கிடக்கிறது. கொஞ்சம் பணத்தை மற்ற கவுண்டிகளுக்கும் செலவிட அனுமதி வேண்டும் என்று 1984ல் ஃபவுண்டேஷன் நீதிமன்றம் போனது. 1986ல் முடியாது என்று தீர்ப்பு. பொறுப்பு அவர்கள் கையை விட்டுப் போய், மரினுக்கென்றே தனியாக ஒரு கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் (ஒரு வட்டாரத்துக்கென்று பலருடைய நன்கொடைகளைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பொது அறக்கட்டளை) உருவானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. ஆனால் சட்டத்தின் பார்வை இதுதான்: சொன்ன இடத்தில் செலவழிப்பது முடியாத காரியமாக இருந்தால் மாற்றலாம், வேறு இடத்தில் செலவழித்தால் இன்னும் நல்லது என்பது மட்டும் போதாது.

கொள்கை முடிவாக இருக்கும் எல்லையில் வளைவுநெளிவு உண்டு. ஓரிகனில் மரத்தொழிலில் வளர்ந்த ஃபோர்டு தம்பதியர் 1957ல் தொடங்கிய ஃபோர்டு ஃபேமிலி ஃபவுண்டேஷன், கிராமப்புற ஓரிகனோடு எல்லைக்கு அந்தப்புறம் இருக்கும் கலிஃபோர்னியாவின் சிஸ்கியூ கவுண்டியையும் சேர்த்துக்கொள்கிறது. (கார் தயாரித்த ஃபோர்டுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை.) பெனடம் ஃபவுண்டேஷன் மேற்கு வர்ஜீனியாவுக்கும் பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலைக்கும் கொடுக்கிறது. நிறுவியவர் பிறந்தது முதல் மாநிலத்தில், வாழ்ந்தது பிட்ஸ்பர்கில். ஆக, ‘மாநிலம்’ என்று சொன்னாலும் பல சமயம் அது அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை நடந்த நிலப்பரப்புதான்.

மூன்றாம் தலைமுறையில் இங்கேதான் சிக்கல் வரும். பேரப்பிள்ளைகள் சியாட்டிலிலும் பாஸ்டனிலும் இருப்பார்கள். தாத்தாவின் ஊர் அவர்களுக்குக் கோடை விடுமுறைக்குப் போன ஊர். ‘நான் இருக்கும் இடத்தில் ஒரு நல்ல அமைப்பு இருக்கிறது, அதற்குக் கொடுக்கக் கூடாதா’ என்று கேட்பார்கள். பல குடும்பங்கள் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. பெரும்பங்கு சொந்த மாநிலத்துக்கு. ஒரு சிறு தொகையை ஒவ்வொரு அறங்காவலரும் தன் விருப்பப்படி பரிந்துரைக்கலாம். அதனால்தான் ‘மாநிலத்துக்கு மட்டும்’ என்று அறிவித்த அறக்கட்டளையின் பட்டியலில் தூரத்து ஊர்ப் பள்ளி ஒன்று தலைகாட்டும். அதைப் பார்த்துவிட்டு, விதி தளர்ந்துவிட்டது என்று வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பம் போட்டு வீணாகக் காத்திருப்பவர்கள் உண்டு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம். ஒரு மாநிலத்தை விட்டு வெளியே போக முடியாத பணம், நாளடைவில் வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கிறது. நாடு முழுக்கக் கொடுப்பவருக்கு நல்ல அமைப்பு ஒரு ஊரில் கிடைக்காவிட்டால் இன்னொரு ஊரில் கிடைக்கும். மாநிலத்துக்குள் கட்டுப்பட்டவருக்கு அப்படி முடியாது. வட்டாரத்தில் பணத்தை வாங்கிச் சரியாகச் செலவழிக்கும் அமைப்பே இல்லையென்றால், அதையும் இவரேதான் உருவாக்க வேண்டும்.

இந்தியானாவில் லில்லி எண்டோமென்ட் செய்தது அப்படிப்பட்ட வேலை. மருந்து நிறுவனம் நடத்திய லில்லி குடும்பத்தின் தந்தையும் இரண்டு மகன்களும் 1937ல் நிறுவனப் பங்குகளைப் போட்டுத் தொடங்கியது. இப்போது நாட்டின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்று. சமயம் சார்ந்த பணிகளுக்கு நாடு முழுக்கக் கொடுத்தாலும் கல்வி, சமூக மேம்பாடு என்றால் முதல் பார்வை இந்தியானா மேல்தான். ஒரே அலுவலகத்திலிருந்து மாநிலத்தின் 92 கவுண்டிகளையும் எப்படிப் பார்த்துக் கொடுப்பது? 1990ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கவுண்டியும் தனக்கென்று ஒரு கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் வைத்துக்கொள்ளட்டும், உள்ளூரில் நீங்கள் திரட்டும் பணத்துக்கு நாங்களும் ஒரு பங்கு போடுகிறோம் என்றார்கள். அப்போது மாநிலத்தில் அப்படிப்பட்டவை ஒரு கை விரல்களைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருந்தன. இன்றைக்கு 92 கவுண்டிகளுக்கும் இருக்கின்றன. சோளக்காடு மட்டுமே இருக்கும் கவுண்டிக்கும் தனக்கென்று ஒரு மூலநிதி, தனக்கென்று ஒரு குழு. நீங்கள் இந்தியானாவில் இருந்தால் முதலில் தட்ட வேண்டியது அந்தக் கவுண்டிக் கதவைத்தான்.

ஃபோர்டு குடும்பம் எடுத்த வழி இன்னும் பொறுமையானது. அவர்கள் கணக்கில் கிராமம் என்றால் 35,000 பேருக்குக் குறைவாக, பெருநகரத்தை ஒட்டாமல் இருக்கும் ஊர். மர ஆலைகள் மூடிய பிறகு அந்த ஊர்களில் விண்ணப்பம் எழுதக்கூட ஆள் இல்லாத நிலை. அதனால் 2003 முதல் பல வருடங்கள் ஊர் ஊராகப் போய் உள்ளூர்க்காரர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். கூட்டம் நடத்துவது, திட்டம் போடுவது, நாலு பேரைச் சேர்ப்பது எல்லாம் அதில் அடக்கம். கட்டடம் கட்டிப் பெயர்ப்பலகை மாட்டும் திருப்தி இதில் கிடையாது. பலன் தெரியப் பத்து வருடம் ஆகும். சொந்த மாநிலத்தை விட்டு எங்கும் போகப் போவதில்லை என்று தெரிந்தவர்களால்தான் இதைச் செய்ய முடியும்.

எனக்குப் பிடித்த உதாரணம் மெய்ன் மாநிலத்தின் ஹெரால்டு ஆல்ஃபண்ட் ஃபவுண்டேஷன். ஆல்ஃபண்ட் செருப்புத் தொழிற்சாலைக்காரர். டெக்ஸ்டர் ஷூ என்ற தன் நிறுவனத்தை 1993ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவேக்கு விற்றபோது ரொக்கமாக வாங்காமல் பெர்க்‌ஷயர் பங்குகளாக வாங்கிக்கொண்டார். அந்த வியாபாரம் தனக்கு எவ்வளவு நஷ்டம் என்று பஃபெட் பல முறை எழுதியிருக்கிறார். 2007ல் ஆல்ஃபண்ட் காலமான பிறகு ஒரு திட்டம் வந்தது: மெய்னில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கல்லூரிச் செலவுக்கென்று 500 டாலர். 2008ல் சோதனையாக ஆரம்பித்து, 2009ல் மாநிலம் முழுக்க விரிந்தது. வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பாகுபாடு கிடையாது.

ஆரம்பத்தில் பெற்றோர் படிவம் நிரப்பி, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு கல்விச் சேமிப்புக் கணக்கு தொடங்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பாதிப் பேர்கூடச் சேரவில்லை. இலவசமாக 500 டாலர் தருகிறார்கள், ஏன் வாங்கவில்லை? யோசித்தால் ஆச்சரியமில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் வீட்டில், முதலீட்டுக் கணக்கு தொடங்கும் படிவத்தை உட்கார்ந்து நிரப்புவது ஏற்கெனவே அதில் பழக்கம் உள்ளவர்கள்தான். யாருக்குப் பணம் உண்மையில் தேவையோ அவர்கள்தான் விடுபட்டார்கள். அதனால் படிவத்தையே தூக்கிவிட்டார்கள். 2013 ஜனவரி 1 முதல் மாநிலவாசிகளாகப் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும், யாரும் கேட்காமலே பணம் ஒதுக்கப்படுகிறது. மாநிலத்தின் பிறப்புப் பதிவை வைத்தே செய்கிறார்கள்.

இதில் மாநிலத்தின் அளவு எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மெய்னில் வருடத்துக்குச் சுமார் 12,000 குழந்தைகள் பிறக்கின்றன. ஆளுக்கு 500 என்றால் 60 லட்சம் டாலர். பெரிய குடும்ப அறக்கட்டளை ஒன்று தாங்கக்கூடிய தொகை. இதையே கலிஃபோர்னியாவில் செய்தால், சுமார் நான்கு லட்சம் குழந்தைகளுக்கு வருடம் 20 கோடி. எந்தக் குடும்பமும் யோசிக்கும். சின்ன மாநிலத்தில் ஒரு குடும்பத்தின் பணம் ‘எல்லோருக்கும்’ என்று சொல்லும் அளவுக்கு எட்டிவிடுகிறது. கிட்டத்தட்ட அரசாங்கம் செய்யும் வேலை. அதே ஃபவுண்டேஷன் 2020ல் மெய்னுக்கு 50 கோடி டாலருக்கு மேல் அறிவித்தது. அதில் 24 கோடி மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கு மட்டும்.

ஆனால் இந்த அளவு பணம் சின்ன மாநிலத்தில் நுழைந்தால் கூடவே அதிகாரமும் நுழையும். வட கரோலினாவில் இஸட். ஸ்மித் ரெனால்ட்ஸ் ஃபவுண்டேஷன் இருக்கிறது. 1932ல் இளம் வயதில் இறந்த தம்பியின் நினைவாக உடன்பிறந்தவர்கள் 1936ல் தொடங்கியது. முதலில் பணம் போனது மாநிலத்தில் பரவிக்கிடந்த சிஃபிலிஸ் நோயை ஒழிக்க. அன்றைக்குப் பெயரைச் சொல்லவே கூசிய நோய். அதற்கு எழுந்து நின்று பாராட்டலாம். பத்து வருடம் கழித்து அதே ஃபவுண்டேஷன் வேக் ஃபாரஸ்ட் கல்லூரியிடம், நீங்கள் எங்கள் ஊரான வின்ஸ்டன்-சேலத்துக்கு இடம் மாறினால் நிரந்தரமாக ஆண்டுதோறும் நிதி தருகிறோம் என்றது. 1956ல் கல்லூரி, பெயரைக் கொடுத்த ஊரை அங்கேயே விட்டுவிட்டு நூறு மைலுக்கு அப்பால் குடிபோனது. கல்லூரிக்கு அது நல்லதாகவே முடிந்தது என்று வையுங்கள். அந்தப் பழைய ஊர்க்காரர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

இன்றைக்கு இவ்வளவு வெளிப்படையாக நடக்காது. ஆனால் ஒரே ஒரு பெரிய கொடையாளர் இருக்கும் மாநிலத்தில் அமைப்புகள் அவர்களை விமர்சித்துப் பேசத் தயங்கும். அவர்கள் இந்த வருடம் ஆரம்பக் கல்வி என்றால் எல்லோருடைய விண்ணப்பமும் ஆரம்பக் கல்வி பேசும். இன்னொன்று, பெரும் செல்வம் உருவான இடத்தில்தான் பெரும் அறக்கட்டளை இருக்கும். வால்மார்ட் ஆர்கன்சாவின் வடமேற்கு மூலையில் வளர்ந்தது. வால்டன் குடும்பத்தின் பணத்தில் பென்டன்வில்லில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகம் 2011ல் எழும்பியது. அப்படி ஒரு செல்வம் பிறக்காத மாநிலத்துக்கு ‘சொந்த மாநிலம்’ என்று சொல்ல ஆள் இல்லை. சொந்த ஊருக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படியே கொடுத்தால் இந்த ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, உங்கள் பள்ளிக்கு வருவோம்.

முதலில் அந்த அறக்கட்டளையின் 990-பிஎஃப் படிவத்தை எடுத்துப் படியுங்கள். ஒவ்வொரு பிரைவேட் ஃபவுண்டேஷனும் வருடா வருடம் ஐஆர்எஸ்ஸிடம் தாக்கல் செய்வது, யாரும் பார்க்கலாம். ஐஆர்எஸ்ஸின் சொந்தத் தேடல் பக்கத்திலும் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். அழகான படங்களோடு அறிக்கை வெளியிட்டிருப்பார்கள், அதை அப்புறம் பாருங்கள். படிவத்தின் பின்பகுதியில் அந்த வருடம் யாருக்கு, எந்த ஊருக்கு, எவ்வளவு, எதற்கு என்று வரிவரியாக இருக்கும். அதற்குச் சற்று முன்னால் விண்ணப்பம் எப்படி அனுப்புவது, கடைசித் தேதி, நிலப்பரப்பு சார்ந்த கட்டுப்பாடு உண்டா என்று கேட்கும் இடம் உண்டு. அங்கேயே ஒரு சிறிய கட்டம்: நாங்களாகத் தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறோம், கேட்டு வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அதில் டிக் இருந்தால் விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். அறங்காவலர் யாரையாவது அறிந்தவர் வழியாக அறிமுகம் கிடைத்தால் மட்டுமே வழி.

மூன்று வருடப் படிவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா, வருடத்துக்கு எத்தனை புதுப் பெயர்கள், பணம் தலைநகரத்திலேயே நிற்கிறதா, சின்ன ஊர் நூலகம், தன்னார்வத் தீயணைப்பு நிலையம் என்று இறங்குகிறதா? கொலராடோவில் எல் போமார் என்ற அறக்கட்டளை 64 கவுண்டிகளையும் வட்டாரங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டார மக்களைக் கொண்ட குழுக்களின் ஆலோசனைப்படி ஒரு பகுதி நிதியைக் கொடுக்கிறது. அப்படி ஏதாவது உங்கள் மாநிலத்தில் இருந்தால் தலைமை அலுவலகத்தைவிட அந்தக் குழுவில் இருப்பவர்கள்தான் உங்களுக்கு முக்கியம்.

அடுத்து உங்கள் பக்கம். பள்ளி தமிழ்ச் சங்கத்தின் கீழ் நடக்கிறதா, தனிப் பதிவா? சில சங்கங்கள் உறுப்பினர்களுக்கான கிளப் மாதிரிப் பதிவாகியிருக்கும், 501(சி)(3) இருக்காது. அப்படிப்பட்டவற்றுக்குக் கொடுக்கச் சட்டம் முழுத்தடை போடவில்லை. ஆனால் கொடுத்த பணம் எப்படிச் செலவானது என்று அறக்கட்டளையே கண்காணித்து ஐஆர்எஸ்ஸுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தலைவலியைச் சின்னத் தொகைக்காக யாரும் ஏற்க மாட்டார்கள். தகுதி உள்ள இன்னொரு அமைப்பின் நிழலில் பணத்தைப் பெறும் வழி உண்டு, ஃபிஸ்கல் ஸ்பான்சர் என்பார்கள். பொதுப் பள்ளி மாவட்டம், பொது நூலகம் போன்ற அரசு அமைப்புகளுக்கு அறக்கட்டளை தாராளமாகக் கொடுக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம் விண்ணப்பத்தின் சாரம். ‘எங்கள் குழந்தைகள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது’ என்பது நமக்குக் கண்ணீர் வரவைக்கும். அவர்கள் கேட்கும் கேள்வி: இந்த மாநிலத்துக்கு இதனால் என்ன? இது அலட்சியமாகக் கேட்பது இல்லை, பத்திரமே அவர்களை அப்படிக் கேட்க வைக்கிறது. பல மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருமொழித் திறன் முத்திரை என்ற அங்கீகாரம் தருகிறார்கள். கலிஃபோர்னியா 2011ல் சட்டமாக்கித் தொடங்கிவைத்தது. உங்கள் மாணவர்கள் தமிழில் தேர்வெழுதி அதை வாங்கியிருந்தால் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். உள்ளூர் நூலகத்தோடு சேர்ந்து தமிழ்-ஆங்கிலக் கதைநேரம், மருத்துவமனைக்கு வரும் வயதான பெற்றோருக்கு மொழிபெயர்ப்பு உதவி என்று வெளியாருக்கும் திறந்திருக்கும் ஏதாவது ஒன்று நடந்தால் அதை முன்னால் வையுங்கள். இல்லாத ஒன்றை விண்ணப்பத்துக்காகக் கண்டுபிடிக்க வேண்டாம், முதல் அறிக்கையிலேயே வெளுத்துவிடும். வகுப்பு கோயில் வளாகத்தில் நடந்தால், இடம்தான் அங்கே, பாடம் மதம் சார்ந்தது இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். சமயப் பணிக்குத் தருவதில்லை என்று பல அறக்கட்டளைகள் கொள்கை வைத்திருக்கின்றன.

பொங்கல் விருந்துக்கு அறக்கட்டளையின் பெயரில் ஒரு மேசை விற்றுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அறக்கட்டளைப் பணத்தில் அந்தக் குடும்பத்தார் சாப்பிட்டாலே அது சுயலாபப் பரிவர்த்தனை என்ற விதியில் மாட்டும், வரி அவர்கள் தலையில் விழும். அதே மாதிரி குடும்பத்தில் ஒருவர் மேடையில் ‘நான் ஐயாயிரம் தருகிறேன்’ என்று சொந்தப் பெயரில் வாக்குக் கொடுத்தால், அதை அறக்கட்டளைக் காசோலையால் அடைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் இப்படிச் செய்யப்போய் அந்தக் குடும்பத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தால், உறவு அதோடு சரி.

பெரிய தொகை கிடைத்தாலும் ஒரு கண்ணி உண்டு. நன்கொடையில் நடக்கும் அமைப்பு பப்ளிக் சாரிட்டியாக நீடிக்க, ஐந்து வருடக் கணக்கில் மொத்த ஆதரவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்காவது பொது ஆதரவாக, அதாவது பலரிடமிருந்து வந்த பணமாக, இருக்க வேண்டும். ஒரே கொடையாளர் கொடுத்ததில் மொத்தத்தின் 2 சதவீதம் வரைதான் அந்தக் கணக்கில் சேரும். ஐந்து வருடத்தில் மொத்தம் ஒரு லட்சம் டாலர் வந்து, அதில் 80,000 ஒரே அறக்கட்டளை தந்தது என்றால், அதிலிருந்து 2,000தான் எண்ணப்படும். சின்ன நன்கொடைகள் 20,000ஐச் சேர்த்தால் 22,000; மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. கட்டணத்தில் ஓடும் பள்ளிக்குக் கணக்கு வேறு மாதிரி. உங்கள் கணக்காளரான சிபிஏவிடம் எந்தப் பிரிவில் பதிவு என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

கடைசியாக, எவ்வளவு கேட்பது என்ற கேள்வி. அந்தப் பட்டியலில் உங்கள் அளவு உள்ள அமைப்புகள் முதல் முறை எவ்வளவு வாங்கின என்று பார்த்து அதை ஒட்டிக் கேளுங்கள். படிவம் ஒன்றிரண்டு வருடம் பழையதாக இருக்கும், இடையில் கொள்கை மாறியிருக்கலாம். அதனால் எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு. அலுவலகத்தில் ஆள் இருந்தால் பொதுவாக நன்றாகவே பேசுவார்கள், ‘இந்த வருடம் வேண்டாம், வசந்தகாலச் சுற்றில் போடுங்கள்’ என்று நேரடியாகவே சொல்லிவிடுவார்கள். முதல் தொகை கிடைத்து, அதற்கான செலவறிக்கையை அவர்கள் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு மூன்று வருடத் திட்டத்தைக் கையில் எடுங்கள்.